வெள்ளை மூலை

அப்பாவின் வலது காலை வெட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு செஸ் ஆட்டம் முடிவு செய்யட்டும் என்று அப்பாவும் மகளும் ஒப்புக்கொண்டபோது, கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த தம்பிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் முத்திடுச்சு," என்றான். "இது ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டா என்னன்னு சொல்றது? எங்கப்பா கால் பந்தயத்துல இருக்கு, கொஞ்சம் பொறுங்கன்னா?"

"அப்படியே சொல்லு. பொய் இல்லையே," என்றார் அப்பா.

அப்பா கிரேன்காரர். முப்பது மாடிக் கட்டடங்களுக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கிரேனின் கூண்டில் உட்கார்ந்து இரும்புக் கம்பிக் கட்டுகளை ஏற்றி இறக்கியவர். தினமும் அவ்வளவு உயரமும் ஏணியில் ஏறியே போன கால்கள். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வந்தது. புதுச் செருப்பு கடித்த இடத்தில் புண் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும் என்பதால் அவருக்குப் புண் இருப்பதே தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் மகள் கண்டுபிடித்தாள். அதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகும்னு சொல்வாங்க," என்று அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சிரித்தார். "எனக்குச் செருப்போட போகல, அண்ணே."

காலையில் வந்த அறுவை மருத்துவர் சிரிக்கவில்லை. நர்ஸ் கணுக்காலுக்குச் சற்று மேலே, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த விளிம்பில், பேனாவால் ஒரு கோடு போட்டாள். மருத்துவர் அதைக் காட்டிச் சொன்னார்: "இப்ப இங்க இருக்கு. முட்டிக்குக் கீழ எடுத்தா முட்டி தப்பிக்கும். முட்டி இருந்தா செயற்கைக் கால் வெச்சு நடக்கலாம், படி ஏறலாம். முட்டியைத் தாண்டிடுச்சுன்னா தொடையில எடுக்கணும். இந்த வயசுல அப்புறம் நடக்கறது கஷ்டம். எடுக்கவே இல்லைன்னா ரத்தத்துல கலந்துடும், ஆள் தங்காது. மதியத்துக்குள்ள சொல்லுங்க. அவர் தெளிவா இருக்கார், அதனால அவர் கையெழுத்துதான் செல்லும்."

"ரெண்டு காலோட வந்தேன், ரெண்டு காலோட போறேன்," என்றார் அப்பா. அதற்கு மேல் பேச்சில்லை. தம்பி கெஞ்சினான், திட்டினான், கடைசியில் சுவரைப் பார்த்து நின்றான். அப்போதுதான் மகள் பையிலிருந்து பலகையை எடுத்து, சாப்பாடு வைக்கும் சக்கர மேசையில் விரித்தாள்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் அம்மா. மகளும் அப்பாவும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒருவர் கிழக்கென்றால் மற்றவர் மேற்கென்பார். வீட்டில் இருவருக்கும் நடுவராக இருந்து அலுத்துப்போன அம்மா, 'எது வேணாலும் பலகையில தீர்த்துக்கோங்க, என் காதுல தீர்க்காதீங்க' என்று சொல்லி விதிகளும் போட்டுவிட்டாள். பலகை சொன்னால் சொன்னதுதான். யோசிக்கிறவரை அவசரப்படுத்தக் கூடாது. அதனால் கடிகாரம் கிடையாது. நடுவில் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்துபோகவும் கூடாது, முடிவு வரும்வரை ஆடியே தீர வேண்டும். கடைசி விதியில்தான் அம்மா கறாராக இருந்தாள். தோற்கப்போகிறவர் 'சரி, நீயே வெச்சுக்கோ' என்று எழுந்துபோய், மறுநாள் 'நானாத்தானே விட்டுக்கொடுத்தேன்' என்று மறுபடி ஆரம்பிப்பதை அவள் நிறையவே பார்த்திருந்தாள். அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. விதிகள் போகவில்லை. மகள் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனது அந்தப் பலகையில் ஜெயித்துத்தான். வீட்டை விற்காமல் அப்பா வைத்துக்கொண்டதும் அதே பலகையில் ஜெயித்துத்தான். செஸ் ஆடவே தெரியாத தம்பி, "இந்த வீட்டுல எனக்கு மட்டும் எந்தக் கேஸ்லயும் தீர்ப்பு கிடைச்சதில்ல," என்பான்.

"நான் ஜெயிச்சா கையெழுத்துப் போடணும்," என்றாள் லிஃப்ட்காரி. கூட வேலை செய்பவர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"டிரா ஆனா?"

"டிரா ஆனா கேஸ் தள்ளுபடி. உங்க இஷ்டம்."

அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காய்ச்சலில் கண் பளபளத்தது. "கறுப்பு என்னுது," என்றார்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இருவரும் கவனமாக ஆடினார்கள். காய்கள் ஒன்றுக்கொன்று சரியாக வெட்டுப்பட்டுப் பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் லிஃப்ட்காரியிடம் ராஜாவோடு ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஒரு சிப்பாய். அப்பாவிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும். அவளுடைய சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாக மாற இரண்டே கட்டம் பாக்கி. ராணி வந்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான்.

அப்பா தன் குதிரையை எடுத்து அந்தச் சிப்பாயை வெட்டினார். அவளுடைய ராஜா குதிரையை வெட்டும் என்று தெரிந்தே வெட்டினார். அவள் வெட்டினாள். இப்போது கறுப்பில் ஒற்றை ராஜா. எதிரே ராஜா, மந்திரி, குதிரை.

"முடி, பார்க்கலாம்," என்றார். பல்லெல்லாம் தெரிந்தது.

அவர் ஏன் சிரித்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒற்றை ராஜாவைப் பிடிக்க ஒரு யானை போதும். யானை நேர்கோட்டில் போவது. அது ஒரு வரிசையில் நின்றால் அந்த வரிசை முழுக்கச் சுவர், ராஜாவால் தாண்ட முடியாது. சுவரை ஒவ்வொரு வரிசையாக நகர்த்தி, நம் ராஜாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனால், எதிரி ராஜா ஓரத்தில் போய் முட்டிக்கொள்ளும். ராணியால் இன்னும் சுலபம். ஆனால் மந்திரியும் குதிரையும் சுவர் கட்டுகிற ஜாதி இல்லை. மந்திரி மூலைவாட்டில் மட்டும் போகும். வெள்ளைக் கட்டத்தில் பிறந்தால் சாகும்வரை வெள்ளைக் கட்டம்தான், கறுப்புக் கட்டம் இருப்பதே அதற்குத் தெரியாது. குதிரையோ தாண்டித் தாண்டிப் போவது. பக்கத்துக் கட்டத்தைக் காக்கச் சொன்னால் காக்கத் தெரியாது. இரண்டும் சேர்ந்து போடுவது சுவரல்ல, வலை. வலை என்றால் ஓட்டை இருக்கும். ஒரு நகர்த்தல் தப்பினால் மீன் வெளியே.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ராஜா செக்கில் மாட்டி, தப்ப வழியும் இல்லாமல் போகிற 'மேட்' எல்லா மூலையிலும் ஆகாது. மந்திரி எந்த நிறத்தில் ஓடுகிறதோ அந்த நிற மூலையில்தான் ஆகும். லிஃப்ட்காரியின் மந்திரி வெள்ளைக் கட்ட மந்திரி. பலகையைப் போடும்போது அவரவர் வலது கைப் பக்கம் வெள்ளை மூலை இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஆக, அப்பாவின் வலது கை மூலை சாவு. இடது கை மூலை பிழைப்பு. போதாக்குறைக்கு, வெட்டும் இல்லாமல் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இருவரும் ஐம்பது முறை நகர்த்திவிட்டால் ஆட்டம் டிரா. அதற்குள் முடிக்க வேண்டும். பலர் வாழ்நாள் முழுக்க செஸ் ஆடுவார்கள். இந்த முடிவாட்டம் ஒருமுறைகூட வராது. அதனால் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. லிஃப்ட்காரியும் படித்ததில்லை. அது அப்பாவுக்குத் தெரியும்.

"யார் எண்றது?" என்றார் அப்பா.

"நான் எண்றேன்," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். ரிட்டயரான பஸ் கண்டக்டர். வயிற்றில் குழாய் வைத்து ஒரு வாரமாகச் சும்மா படுத்திருந்தவர். "நாற்பது வருஷம் தலை எண்ணினவன் நான். ஒண்ணு கூடாது, குறையாது."

"எண்ணுங்க, எண்ணுங்க," என்றான் தம்பி. "அங்க சிவப்பு ஏறிக்கிட்டு இருக்கு, அதை யார் எண்றது?"

"டேய், அவசரப்படுத்தாத," என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே குரலில்.

லிஃப்ட்காரி ஒரு பழுதைப் பார்ப்பது போலத்தான் பலகையைப் பார்த்தாள். லிஃப்ட் நின்றுபோனால் முதலில் கேட்கும் கேள்வி: எது எதைத் தாங்குகிறது? மந்திரி வெள்ளைக் கட்டங்களைப் பார்த்துக்கொள்ளும். அப்படியானால் கறுப்புக் கட்டங்களைக் குதிரை பார்க்க வேண்டும். குதிரை கறுப்பைத் தாக்க வேண்டுமானால் வெள்ளையில் நிற்க வேண்டும், ஏனென்றால் குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். சரி. குதிரைக்கு ஓய்வெடுக்கும் இடம் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டைகளை ராஜா அடைக்க வேண்டும். அவளுக்கே ஒரு சின்னச் சிலிர்ப்பு வந்தது. யாரும் சொல்லித்தராமல் ஓர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்த சிலிர்ப்பு.

அப்பாவின் ராஜா பலகையின் நடுவிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இடது மூலைக்கு, கறுப்பு மூலைக்கு.

"பதிமூணு," என்றார் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!"

"அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்றார் அப்பா.

"டிக்கெட் வாங்கின எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்."

லிஃப்ட்காரி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நெடுநேரம் எடுத்தாள். கை மேசை விளிம்பில் இருக்கும், கண் பலகையில் இருக்கும், உதடு மட்டும் அசையும். நர்ஸ் வந்து அப்பாவின் வெப்பத்தைப் பார்த்தாள், பாட்டிலை மாற்றினாள், போர்வையை விலக்கிக் காலில் இரண்டாவது கோடு ஒன்று போட்டாள். முதல் கோட்டுக்கு நான்கு விரல் மேலே. "அம்மா, பாருங்க," என்றாள். லிஃப்ட்காரி திரும்பிப் பார்த்து, "ம்," என்றாள். பார்த்ததென்னவோ உண்மைதான். ஆனால் அந்த நேரம் அவள் மனம் குதிரையை எங்கே நிறுத்தினால் கறுப்பு மூலையை அடைக்கலாம் என்பதில் இருந்தது.

அடைத்தாள். அப்பாவின் ராஜா மூலையை விட்டு வெளியே வந்தது. இனி அதைக் கடைசி வரிசையோரமாகவே ஓட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்து வெள்ளை மூலையில் சேர்க்க வேண்டும். சந்தைக்கு மாடு ஓட்டுகிற வேலை மாதிரி: பின்னால் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர், முன்னால் போய்ச் சந்துகளை மறிக்க ஒருவர்.

நடு வழியில் மாடு முரண்டு பிடித்தது. அப்பா ராஜாவை ஓரத்தை விட்டு எடுத்து ஒரு வரிசை உள்ளே வைத்தார். அடுத்த நகர்த்தலில் இன்னும் விலகினார். பலகையின் அந்தப் பக்கம் முழுக்கத் திறந்த வெளி.

"தப்பிச்சாச்சு!" என்றார் கண்டக்டர்.

அவருடைய கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் பார்த்தால்கூட முதல் பார்வையில் அப்படித்தான் தோன்றும். இந்த இடத்தில் பதறிப்போய், ராஜாவை நேரே தாக்கிச் செக் மேல் செக் வைத்துத் துரத்துகிறவர்கள்தான் ஐம்பதைத் தொலைக்கிறார்கள். இது அப்பாவின் உயிர் என்பதை லிஃப்ட்காரி மறக்கவில்லை. அதனாலேயே இன்னும் நிதானமானாள். துரத்தவில்லை. ஓடுகிற ராஜாவை விட்டுவிட்டு, அது ஓடப்போகிற கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். இதைக் குதிரை பார்க்கிறது. இதை என் ராஜா பார்க்கிறது. இது ஒன்றுதான் திறந்திருக்கிறது. பலகையின் மறுகோடியில், எல்லோரும் மறந்துபோன இடத்தில், மந்திரி நின்றிருந்தது. அதை எடுத்தாள். மூலைவாட்டில் நெடுந்தூரம் இழுத்து வந்து ஒரு கட்டத்தில் வைத்தாள்.

செக் கூட இல்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திய மாதிரி ஒரு நகர்த்தல்.

அப்பா பார்த்தார். விரலை ராஜாவுக்கு மேல் கொண்டுபோனார், தொடவில்லை, எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் போனாலும் அடைப்பு. திரும்பி ஓரத்துக்கே போக வேண்டும். அங்கிருந்து வெள்ளை மூலைக்கு இறக்கம்.

"எங்க படிச்ச இதை?" என்றார் மெல்ல.

"எங்கயும் படிக்கல."

அவர் தலையணையில் சாய்ந்தார். உதடு காய்ந்திருந்தது. காய்ச்சலோ, வலியோ, வேறு எதுவோ, முகத்தில் இருந்த சிரிப்பு கரைந்து, வயது தெரிந்தது. "எவ்வளவு ஆச்சு, அண்ணே?"

"இருபத்தெட்டு."

"நிறைய பாக்கி இருக்கு. முடிச்சுடுவா." மகளைப் பார்த்தார். "போதும் பாப்பா. தெரிஞ்சுபோச்சு. எடு பேப்பரை, கையெழுத்துப் போடறேன்."

தம்பி பாய்ந்து வந்தான். "அக்கா! பேனா! பேனா எங்க?"

சொல்லி வைத்தது போல அதே நேரம் நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். "ஆபரேஷன் தியேட்டர் இப்ப காலியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆக்சிடென்ட் கேஸ் வந்துக்கிட்டு இருக்காம். ஒத்துக்கிட்டா உடனே சொல்லச் சொன்னார் டாக்டர்."

லிஃப்ட்காரி பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலை அவள் கண்முன் முழுசாகத் தெரிந்தது. முடிவு வரைக்கும், ஒவ்வொரு கண்ணியும். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அப்பாவின் 'போதும்' அவளுக்குப் பழக்கமான 'போதும்'. வீட்டை விற்கும் பேச்சில், பலகையை விரிக்கும் முன்பே ஒருமுறை அப்படித்தான் 'போதும், உன் இஷ்டம்' என்றார். விடிந்ததும் 'நான் எப்பச் சொன்னேன்' என்றார். கத்தி வைக்கும் மேசைவரை போய்த் திரும்பி வருகிற ஆள் இவர். பலகையில் முடிந்தால் மட்டும் திரும்ப மாட்டார். ஒருநாளும் திரும்பியதில்லை.

"விட்டுக்கொடுக்கறது செல்லாது," என்றாள். "ஆடுங்க."

"அக்கா, உனக்கு அறிவிருக்கா?" தம்பி கத்தினான். "அவரே ஒத்துக்கிட்டாரு!"

"மேட் ஆகட்டும். அப்பத்தான் செல்லும். கொஞ்ச நேரம்தான்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, சிஸ்டர்."

"கொஞ்ச நேரம்னா எவ்வளவுங்க?"

"ஐம்பதுக்குள்ள முடிச்சுடுவேன்."

நர்ஸுக்கு என்ன புரிந்ததோ, போய்விட்டாள். அப்பா மகளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. நெஞ்சு விரிந்தது மாதிரி ஒரு மூச்சு விட்டு, எழுந்து உட்கார்ந்து, ராஜாவைத் தொட்டார். தம்பி மட்டும் தியேட்டர் பக்கம் ஓடினான். கையெழுத்தில்லாமல் அங்கே ஓடி என்ன பயன், திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு ராஜா ஓரம் வழியே இறங்கியது. அப்பா ஒரு நகர்த்தல்கூடச் சும்மா விடவில்லை. சாகிற வரை கையைக் காலை உதைக்கிற ராஜா. ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே தூரமான கட்டத்துக்குப் போனார்; அவள் ஒவ்வொரு முறையும் நேரம் எடுத்து அதை அடைத்தாள். கடைசியில் ராஜா வெள்ளை மூலையில் போய் உட்கார்ந்தது.

அந்த இடம்தான் பொல்லாதது. குதிரையை ஒரு தாவல் தாவி வைத்தால் வேலை முடிந்தது என்று கை துடிக்கும். ஆனால் அப்படி வைத்தால் அப்பாவின் ராஜாவுக்கு மேல் செக் இல்லை. நகரவும் ஒரு கட்டம் இல்லை. செக் இல்லாமல் நகர முடியாமல் போனால் அது மேட் இல்லை, ஸ்டேல்மேட். டிரா. நாற்பது நகர்த்தல் உழைப்பு ஒரு தாவலில் தண்ணீரில் போகும். கால் போகாது, ஆள் போவார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிடும். அவளுடைய கை குதிரைக்கு மேல் தொங்கியது. தொட்டால் ஆட வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் யோசித்தாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று தடதடவென்று ஓடியது, யாரோ ஓலமிட்டார்கள், கதவுகள் அடித்துக்கொண்டன.

மந்திரியை எடுத்தாள். முதலில் மந்திரியால் செக். ராஜா மூலையை விட்டு ஒரு கட்டம் வெளியே வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. வந்தது. இப்போது குதிரை. அதே தாவல், அதே கட்டம். முந்திச் செய்தால் டிரா, பிந்திச் செய்தால் மேட்.

"நாற்பத்தொண்ணு," என்றார் கண்டக்டர். "டெர்மினஸ். எல்லாரும் இறங்குங்க."

அப்பா பலகையை மேலும் கீழும் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். தலையை ஆட்டினார். "பேனா," என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு தம்பி ஓடினான். தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்சிடென்ட் கேஸ் உள்ளே போய்விட்டிருந்தது. ஒரு மாணவன், லாரி ஏறிய இடுப்பு. வேறு தியேட்டர் இல்லை. வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நிலையில் அப்பாவும் இல்லை. மகளும் மகனும் அந்த விளக்கின் கீழே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மருத்துவர் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நேரே வார்டுக்கு வந்து போர்வையை விலக்கினார். முட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், இன்னும் மேலே அழுத்தினார். தோலுக்கடியில், கிருமியால் காற்றுச் சேர்ந்த இடத்தில், ஏதோ நொறுங்குகிற சத்தம் லேசாகக் கேட்டது. நர்ஸைப் பார்த்தார்.

"காலையில ஒத்துக்கிட்டிருக்கலாம்," என்றார். "ஏன், மதியம் நான் ஆள் அனுப்பினப்பகூட முட்டியைக் காப்பாத்தியிருப்பேன். இப்ப தொடையிலதான். அதுவும் உயிர் தங்குமான்னு வெட்டினப்புறம்தான் சொல்ல முடியும்."

பின்னாலேயே வந்திருந்த லிஃப்ட்காரி போர்வையை இழுத்து மூடினாள். ஐம்பது நகர்த்தலை எண்ண ஆள் வைத்திருந்தார்கள். அன்றைய பகல் எத்தனை மணி நேரம் என்று எண்ண யாருமில்லை. அந்த வீட்டில் ஆட்டத்துக்கு எப்போதும் கடிகாரம் கிடையாது.

"எங்க வேணாலும் வெட்டட்டும்," என்றார் அப்பா, பாதிப் பேச்சுகூடக் காதில் விழாத காய்ச்சல் மயக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டே. "அவ ஜெயிச்சுட்டா. பேச்சு பேச்சுதான்."

உயிர் தங்கியது. காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அவர் யாரையும் அடையாளம் காணவில்லை. தூக்கத்தில் கையை உயர்த்தி, கிரேனின் கைப்பிடியைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பகலில் கண் தெளிந்தது. போர்வை தொடைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கஞ்சி குடித்தார். பிறகு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அன்னிக்கு ஆட்டம் பார்த்தீங்க இல்ல? அவளுக்கு அந்த முடிவாட்டமே தெரியாது. தெரியாம உட்கார்ந்து, அங்கேயே கண்டுபிடிச்சு ஆடினா. பெரிய பெரிய ஆளுங்களே கோட்டை விடற இடம்."

"நான்தானே எண்ணினேன்," என்றார் கண்டக்டர். அவர் கண் லிஃப்ட்காரியின் பக்கம் போய்த் திரும்பியது.

"அதுலயும் பாருங்க. நான் மனசு விட்டுப் போதும்னு சொன்னேன். வேற யாராயிருந்தாலும் பேப்பரை நீட்டியிருப்பாங்க. இவ விடல. மேட் ஆனாத்தான் செல்லும்னா. அதுதாண்ணே ஆட்டம். எனக்குக் கால் போனதுகூடப் பெருசாத் தெரியல."

ஜன்னலோரம் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது. அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியைக் கட்டிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா. நீங்க போதும்னு சொன்னப்ப நான் விட்டிருந்தா முட்டி இருந்திருக்கும்."

"என்னது?"

"அப்ப தியேட்டர் காலியா இருந்துச்சு. முட்டிக்குக் கீழ எடுத்திருப்பாங்க. செயற்கைக் கால் வெச்சு நடந்திருப்பீங்க. நான் மேட் பண்றதுக்கு எடுத்துக்கிட்ட நேரத்துலதான் மேல ஏறிச்சு."

அப்பா அவளைப் பார்த்தார். ஒரு சிக்கலான நிலையைப் படிப்பது போல அவருடைய கண் மெல்ல நகர்ந்தது: அவள் முகம், தம்பியின் முதுகு, தட்டையான போர்வை.

"டாக்டர் சொன்னாரா?"

"ம்."

"இவனுக்குத் தெரியுமா?"

"அவன்தான் அப்பவே கத்தினான். நாம ரெண்டு பேரும் கேக்கல."

கண்டக்டர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நான் தோத்தேன், சரி. நீயும் தோத்தா எப்படிம்மா? ரெண்டு பேரும் தோக்கற மாதிரி பலகையில வழியே கிடையாதே."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ் தட்டோடு வந்தாள். கட்டு மாற்ற வேண்டும். "யாராவது ஒருத்தர் காலைத் தூக்கிப் பிடிங்க," என்றாள். தம்பி நகரவில்லை. லிஃப்ட்காரி எழுந்து, போர்வையை விலக்கி, மிஞ்சியிருந்த தொடையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். அவள் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. நர்ஸ் பழைய துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். அப்பா பல்லைக் கடித்தார். அவள் கை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.